பிரஷர் வாஷர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கெட் எடுத்துட்டு பைப்புகிட்ட போங்க

பிரஷர் வாஷர் வாங்கப் போறோம்னு சொன்னாலே எல்லாரும் கேக்கற முதல் கேள்வி "எத்தனை பார்?"னுதான் இருக்கு, பார்ங்கறது தண்ணி எவ்வளவு பிரஷர்ல பீச்சுதுன்னு சொல்ற அளவு. நானும் அதே கேள்வியோடதான் முதல் மெஷினை வாங்கினேன். பெட்டி மேல பெருசா 150 பார்னு போட்டிருந்துச்சு, தூக்கறதுக்கும் லேசா இருந்துச்சு, ரெண்டே நிமிஷத்துல முடிவு பண்ணி எடுத்துட்டு வந்துட்டேன். கார், பைக், வாசப்படின்னு வீட்டு வேலைக்கெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, மாட்டுக் கொட்டகைக்குள்ள கொண்டு போனப்பதான் அதோட பலம் எவ்வளவுன்னு தெரிஞ்சுது, காஞ்சு போன சாணி மேல அடிச்சா பேனாவால கோடு இழுத்த மாதிரி ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தரை தெரியுது, பெயர்ந்த சாணி நகராம அங்கயே குழம்பா நிக்குது, அதைத் தள்ளிவிட திரும்ப சாதா ஹோஸைத்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு. ஏழாவது மாசம் பம்ப் ஒழுக ஆரம்பிச்சுது. ரிப்பேர் பண்றவர் கழட்டிப் பார்த்துட்டு, இதுக்கு சீல் தனியா வராதுங்க, பம்ப்பையே மாத்தணும்னு சொல்லிட்டார், மாத்தற காசுக்குப் பாதி மெஷின் வாங்கிடலாம்.

அப்ப புரிஞ்ச விஷயம் இதுதான். பிரஷர் அழுக்கைப் பெயர்க்கும், அவ்வளவுதான், பெயர்ந்ததை அள்ளிட்டுப் போறது தண்ணியோட அளவு. வீட்டு வாசலுக்குப் பெயர்த்தாலே போதும், பண்ணையில பெயர்க்கவும் வேணும் தள்ளவும் வேணும். அதனால பார் எத்தனைன்னு கேக்கறதுக்கு முன்னாடி நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு கேளுங்க, அதுக்கும் முன்னாடி உங்க பைப்புல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வருதுன்னு பாருங்க.

அது ரொம்ப சுலபம். மெஷினை எந்தப் பைப்புல மாட்டப் போறீங்களோ அதே பைப்புல, அதே ஹோஸை மாட்டி, ஹோஸோட மறு முனையில 10 லிட்டர் பக்கெட்டை வச்சு முழுசாத் திறந்து விட்டு நேரம் பாருங்க. ஒரு நிமிஷத்துல நிரம்புச்சுன்னா நிமிஷத்துக்கு 10 லிட்டர் வருது, ஒன்றரை நிமிஷம் ஆச்சுன்னா ஏழு லிட்டர்கூட இல்லை. மெஷின் இழுக்கற அளவைவிட பைப்புல கொஞ்சம் கூடுதலாவே வரணும். கம்மியா வந்தா பம்ப் தண்ணி பத்தாம காத்தை இழுக்கும், கூழாங்கல்லை டப்பாவுல போட்டு உருட்டற மாதிரி ஒரு கரகர சத்தம் வரும், தண்ணி அடிக்கற கன்னைப் பிடிச்சிருக்கற கைக்கு ஜெட் விட்டு விட்டுத் துடிக்கறது தெரியும். அப்படியே ஓட்டினா உள்ள சீலும் வால்வும் வேகமா அரிச்சுப் போகும். வாங்கி ஒரே வருஷத்துல பம்ப் போச்சுன்னு புலம்பறவங்க முதல்ல இந்தப் பக்கெட் டெஸ்ட்டைப் பண்ணிப் பார்க்கணும்னுதான் நான் சொல்வேன்.

பைப்புல வரத்து கம்மின்னா மெஷினைக் குறைச்சு வாங்கணும்னு இல்லை, நடுவுல ஒரு 200 லிட்டர் டிரம்மோ தொட்டியோ வச்சுக்கலாம். அதை மெஷினைவிடக் கொஞ்சம் மேடான இடத்துல வச்சா தண்ணி தானா இறங்கி வரும், பம்ப்புக்குக் கஷ்டமில்லை. கீழ இருக்கற தொட்டியில இருந்து உறிஞ்சணும்னா அந்த மாடல் தானா உறிஞ்சக் கூடியதான்னு கடையில தெளிவாக் கேட்டுக்கோங்க, எல்லா மெஷினும் அப்படி வராது. உறிஞ்சற ஹோஸ் சுருங்காத கெட்டி ஹோஸா, குட்டையா, முனையில வலை ஃபில்டரோட இருக்கணும், செடிக்கு விடற மெல்லிசு ஹோஸைப் போட்டா உறிஞ்சறப்ப ஒட்டிப் போய் தண்ணியே வராது. இன்னொன்னு, வெயில்ல நிக்கற கறுப்பு டேங்க் தண்ணி மத்தியானம் நல்லாவே சுடும், வீட்டு உபயோக மெஷின்கள் நிறைய 40 டிகிரி வரைக்கும்தான் உள்ள வர்ற தண்ணியைத் தாங்கும், அதனால கொட்டகை கழுவற வேலையைக் காலையில வச்சுக்கறது நல்லது.

இப்ப பெட்டி மேல போட்டிருக்கற நம்பருக்கு வருவோம், நிறைய பேர் ஏமாந்து போறது இங்கதான். அதிகபட்ச பிரஷர்னு ஒன்னு இருக்கு, வேலை செய்யற பிரஷர்னு ஒன்னு இருக்கு. அதே மாதிரி அதிகபட்ச லிட்டர்னு ஒன்னு, வேலை செய்யறப்ப வர்ற லிட்டர்னு ஒன்னு. அதிகபட்சம் ரெண்டும் ஒரே நேரத்துல கிடைக்கவே கிடைக்காது, ஆனா பெட்டியில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டிருப்பாங்க. உண்மையான்னு பார்க்க ஒரு கணக்கு இருக்கு, பாரையும் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்ங்கறதையும் பெருக்கி 600ஆல வகுத்தா, அந்தத் தண்ணியை அந்த பிரஷர்ல தள்ளறதுக்கு எத்தனை கிலோவாட் வேணும்னு வந்துடும். 120 பார், 7 லிட்டர்னா 840, அதை 600ஆல வகுத்தா 1.4 கிலோவாட். இது தண்ணிக்குப் போய்ச் சேர வேண்டிய சக்தி மட்டும்தான், மோட்டார்லயும் பம்ப்லயும் வீணாகறதையும் சேர்த்தா கரண்ட்ல இருந்து 2 கிலோவாட் கிட்ட இழுத்தாதான் நடக்கும். இப்ப ஒரு பெட்டியில 1400 வாட், 150 பார், 8 லிட்டர்னு இருந்தா கணக்குப் போடுங்க, 1200ஐ 600ஆல வகுத்தா 2 கிலோவாட் வருது, 1.4 கிலோவாட் மோட்டார் எப்படி 2 கிலோவாட் வேலையைச் செய்யும்? செய்யாது. அந்த மாதிரி பெட்டியைத் திரும்ப வச்சுட்டு வந்துடுங்க. போனை எடுத்து கடையிலயே போடற கணக்குதான் இது, கூச்சப்படாம போடுங்க.

சில மெஷின்ல பார் இருக்காது, பிஎஸ்ஐ போட்டிருப்பாங்க, அதை 14.5ஆல வகுத்தா பார் வந்துடும், 2000 பிஎஸ்ஐன்னா கிட்டத்தட்ட 138 பார். கேலன் கணக்குல இருந்தா அமெரிக்க கேலனை 3.8ஆல பெருக்கிக்கோங்க. நிறைய மெஷின்ல மணிக்கு 420 லிட்டர், 540 லிட்டர்னு போட்டிருக்கும், பெருசாத் தெரியுதேன்னு மயங்க வேண்டாம், 60ஆல வகுத்தா 7, 9 அவ்வளவுதான்.

எது உங்களுக்குப் போதும்னு கேட்டா, என் அனுபவத்துல வீடு மட்டும்னா வேலை செய்யற பிரஷர் 100ல இருந்து 120 பார், 6 இல்ல 7 லிட்டர் தாராளம், அதுக்கு மேல போனா கார் பெயின்ட்டுக்குத்தான் ஆபத்து. வீட்டோட ஒரு சின்னப் பண்ணையும் இருக்கு, நாலஞ்சு மாடு, ஒரு டிராக்டர், டிரெய்லர், கோழிக் கொட்டகைன்னா 130ல இருந்து 150 பார், நிமிஷத்துக்கு 9 லிட்டருக்குக் குறையாம பாருங்க, கரண்ட்ல இருந்து 3 கிலோவாட் கிட்ட இழுக்கற மோட்டார் இதுக்கு வேணும், சிங்கிள் ஃபேஸ்லயே ஓடும். தினமும் மணிக்கணக்கா ஓடணும், களிமண் அப்பின ரொட்டவேட்டர் எல்லாம் கழுவணும்னா 12, 15 லிட்டர் மெஷினுக்குப் போகணும், அது த்ரீ ஃபேஸ் இல்லேன்னா இன்ஜின் சமாச்சாரம். ரெண்டு மெஷின்ல ஒன்னுல பார் ஜாஸ்தி, இன்னொன்னுல லிட்டர் ஜாஸ்தி, விலை ஒன்னுன்னா பண்ணைக்கு லிட்டர் ஜாஸ்தி இருக்கறதையே எடுங்க.

அடுத்து மோட்டார். லேசா இருக்கற சின்ன மெஷின்ல எல்லாம் பெரும்பாலும் கார்பன் பிரஷ் வச்ச மோட்டார்தான் இருக்கும், மிக்ஸி மாதிரி கிறீச்சுனு கத்தும், ரொம்ப வேகமா சுத்தும், பிரஷ் தேயத் தேய மாத்தணும், 20 நிமிஷம் ஓட்டினா கொஞ்ச நேரம் ஆற விடணும். வாரத்துக்கு ஒரு தடவை கார் கழுவறவங்களுக்கு இதுல ஒரு குறையும் இல்லை. பண்ணைக்கு இன்டக்‌ஷன் மோட்டார்தான் வேணும். வெயிட்டா இருக்கும், விலையும் கூட, ஆனா சத்தம் கம்மி, மெதுவா சுத்தறதால பம்ப்புக்கும் தேய்மானம் கம்மி, பிரஷ்ங்கற பேச்சே இல்லை. தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும், 6 கிலோ மெஷினும் 25 கிலோ மெஷினும் ஒரே வேலையைச் செய்யும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, உள்ள செம்பும் இரும்பும் இருந்தாதான் அந்த வெயிட் வரும்.

மெஷினோட உயிர் பம்ப்லதான் இருக்கு. செத்துப் போன என் முதல் மெஷினோட பம்ப்பை வாங்கிட்டு வந்து நானே பிரிச்சுப் பார்த்தேன். தலைப்பகுதி அலுமினியம், உள்பக்கம் பூரா வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்து, விரலால தேய்ச்சா பொடியா உதிருது. சுண்டு விரல் நகம் அளவுக்குச் சின்ன வால்வ் ஒன்னு, அதோட உக்கார்ற இடத்துல ஒரே ஒரு மணல் துணுக்கு சிக்கி, அந்த இடத்துல மெல்லிசா ஒரு பள்ளம் விழுந்திருந்துச்சு. அந்தப் பள்ளம் வழியா பிரஷர் பின்னாடி ஓடிட்டே இருந்திருக்கு, நான் மெஷின் வீக் ஆகுதுன்னு நினைச்சு இன்னும் இன்னும் கிட்டத்துல வச்சு அடிச்சிட்டு இருந்திருக்கேன். போர் தண்ணி உப்பா இருந்தா பித்தளைத் தலை வச்ச பம்ப்பா பாருங்க, தண்ணி எப்படி இருந்தாலும் உள்ள போற இடத்துல ஒரு ஃபில்டர் கண்டிப்பா மாட்டுங்க, கண்ணாடி மாதிரி தெரியற கப் வச்ச ஃபில்டரா இருந்தா அழுக்கு சேர்றது வெளிய இருந்தே தெரியும்.

பம்ப்ல ரகம் இருக்கு. விலை குறைஞ்ச மெஷின்ல சாய்வா இருக்கற தட்டு ஒன்னு ஆடி ஆடி பிஸ்டனைத் தள்ளும், நிறைய மாடல்ல அதைப் பிரிச்சு சரி பண்ணவே முடியாது. பெரிய மெஷின்ல கிராங்க் ஷாஃப்ட் வச்சு பிஸ்டன் மாதிரி மூணு தண்டு, அதாவது பிளஞ்சர் ஓடும், பிளஞ்சர் செராமிக்ல இருக்கும், ஆயில் மாத்தலாம், சீல் மாத்தலாம், பல வருஷம் ஓட்டலாம். ஆயில் பார்க்கற கண்ணாடி வச்ச பம்ப்பா இருந்தா இன்னும் நல்லது, ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்துப் போச்சுன்னா சீல் தாண்டி தண்ணி உள்ள போகுதுன்னு அர்த்தம், அப்பவே பார்த்தா சீல் செலவோட போயிடும். முதல் 50 மணி நேரத்துல ஒரு தடவை ஆயில் மாத்தணும், அப்புறம் 500 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு இந்த மாதிரி பம்ப்புகளுக்குப் பொதுவா சொல்லுவாங்க, உங்க மெஷின் புக்குல என்ன போட்டிருக்கோ அதை ஃபாலோ பண்ணுங்க.

கரண்ட்டே இல்லாத மூலையில, வேலி ஓரத்துல வேலைன்னா மட்டும் பெட்ரோல் இன்ஜின் மெஷினை யோசிங்க. பலம் நல்லா இருக்கும், ஆனா இன்ஜின் ஆயில், பிளக், ஏர் ஃபில்டர்னு பார்த்துக்க இன்னொரு மெஷின் சேர்ந்து வருது, பெட்ரோலை மாசக்கணக்கா டேங்க்ல விட்டா கார்புரேட்டர் அடைச்சுக்கும். மூடின கொட்டகைக்குள்ள அதை ஸ்டார்ட் பண்ணவே கூடாது, புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை நிறமும் இல்லை, ஆளையும் கொல்லும் மாட்டையும் கொல்லும்.

கரண்ட் மெஷின்னா வயரைக் கவனிக்கணும். 2 கிலோவாட்டுக்கு மேல போற மெஷினை வீட்டுல டேபிள் ஃபேனுக்கு வச்சிருக்கற எக்ஸ்டென்ஷன்ல மாட்டினா வோல்ட்டேஜ் இறங்கி மோட்டார் முக்கும், வயர் சூடாகும். எக்ஸ்டென்ஷன் போட்டே ஆகணும்னா 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத காப்பர் வயரா, சுருட்டி வைக்காம முழுசா விரிச்சுப் போடுங்க. ஆனா நான் சொல்றது என்னன்னா வயரை நீட்டாதீங்க, பிரஷர் ஹோஸை நீட்டுங்க. மெஷின் காஞ்ச இடத்துல பிளக்குக்குப் பக்கத்துலயே நிக்கட்டும், 15, 20 மீட்டர் ஹோஸை இழுத்துட்டு நீங்க மட்டும் ஈரத்துக்குள்ள போங்க. எர்த் சரியா இருக்கணும், கசிவு கரண்ட்டுக்கு ட்ரிப் ஆகற பிரேக்கர் அந்த லைன்ல இருக்கணும், இது இல்லாம ஈரத் தரையில நின்னு கரண்ட் மெஷின் பிடிங்கன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கூடுதல் ஹோஸ் வாங்கப் போறப்ப ஒரு சின்ன விஷயம் பலரோட உயிரை வாங்குது. எம்22னு சொல்ற திருகு கனெக்டர் பார்க்க எல்லாம் ஒன்னு மாதிரியே இருக்கும், ஆனா உள்ள போற குழாய் சிலதுல 14 மில்லிமீட்டர், சிலதுல 15 மில்லிமீட்டர். மாத்தி மாட்டினா திருகு நல்லாவே ஏறும், ஆனா எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும், இல்லேன்னா உள்ள இருக்கற ரப்பர் வளையம், அதான் ஓ ரிங், பிதுங்கி வெளிய வந்துடும். பழைய ஹோஸ் முனையைக் கையோட எடுத்துட்டுப் போய் அளந்து வாங்குங்க. ஹோஸ் உள்ள கம்பி பின்னல் போட்ட ரப்பரா இருந்தா பண்ணையில இழுபடறதுக்குத் தாங்கும், கன்கிட்ட சுழல்ற கனெக்டர் இருந்தா முறுக்கிக்காது.

கன் முனையில மாட்டற நாசிலோட கலரை மனப்பாடம் பண்ணிக்கோங்க, கலரைப் பொறுத்து தண்ணி விரியற கோணம் மாறும். சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புக்கு. வேலையை எப்பவும் வெள்ளையில ஆரம்பிங்க, போகலைன்னா பச்சைக்கு வாங்க, மஞ்சள் சிமென்ட் தரைக்கும் கலப்பைக்கும். சிவப்பு எனக்குத் தேவைப்பட்டதே இல்லை, அது கத்தி மாதிரி, மரத்தைக் கீறும், பெயின்ட்டைக் கிழிக்கும். அதுக்குப் பதிலா சுத்திச் சுத்தி அடிக்கற டர்போ நாசில் ஒன்னு வாங்கிக்கோங்க, கொட்டகைத் தரைக்கு அதைப் போல ஒன்னு கிடையாது. கலர் கோணத்தை மட்டும்தான் சொல்லும், ஓட்டையோட அளவு தனி நம்பர்ல இருக்கும், அது உங்க மெஷினோட லிட்டருக்குப் பொருந்தணும். நாள்பட நாசில் ஓட்டை தேஞ்சு பெருசாகும், பிரஷர் குறையும், அப்படி ஆச்சுன்னா பம்ப்பைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி புது நாசில் போட்டுப் பாருங்க.

கடையில மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, முடியாதுன்னா வேற கடை பாருங்க. தண்ணி மாட்டி ஓட விட்டு கன்னை விட்டதும் மோட்டார் தானா நிக்குதான்னு கவனிங்க. நின்ன பிறகு ஒரு அஞ்சு நிமிஷம் பேச்சு கொடுத்துட்டே அங்கயே நில்லுங்க, யாரும் கன்னைத் தொடாமலே மோட்டார் அப்பப்ப டக்குனு ஓடி ஓடி நின்னா உள்ள எங்கயோ கசியுது, வால்வோ ஓ ரிங்கோ சரியில்லைன்னு அர்த்தம், புதுசுலயே அப்படின்னா வேண்டாம். தானா நிக்காத மாடல்னா, கன்னை விட்டதும் தண்ணி பம்ப்புக்குள்ளயே சுத்திச் சுத்தி சூடாகும், ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல அப்படி விடக்கூடாது, யாராவது கூப்பிட்டா மெஷினை ஆஃப் பண்ணிட்டுப் போங்க.

அப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ். "எல்லாம் கிடைக்கும் சார்"ங்கற பதிலோட திருப்தி ஆகாதீங்க, இந்த மாடலோட சீல் கிட், கன்னை விட்டதும் தண்ணியைத் திருப்பி விடற அன்லோடர் வால்வ், கன் மூணையும் எடுத்துக் காட்டுங்கன்னு கேளுங்க, கையில இருந்தா காட்டுவாங்க. நான் ரெண்டாவது மெஷின் வாங்கினப்ப மெஷினோட சேர்த்தே ஒரு சீல் கிட்டும் ரெண்டு நாசிலும் வாங்கி வச்சுட்டேன், மூணாவது வருஷம் கன்ல இருந்து ஒழுக ஆரம்பிச்சப்ப ஒரு ஞாயித்துக்கிழமை காலையிலயே உக்காந்து மாத்திட்டேன், மாடு கொட்டகைக்குத் திரும்பி வர்றதுக்குள்ள தரையும் கழுவி முடிச்சாச்சு. அந்த மெஷின் இன்னைக்கும் ஓடுது.

வாங்கின பிறகு எதுல அடிக்கக் கூடாதுன்னும் தெரிஞ்சுக்கணும். முதல்ல உடம்பு. அந்த ஜெட் தோலைக் கிழிச்சுட்டு உள்ள போயிடும், வெளிய பார்த்தா ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதல்ல பெருசா இருக்காது, ஆனா உள்ள அழுக்குத் தண்ணி சதைக்குள்ள பரவியிருக்கும், விரலே போற அளவுக்கு ஆகலாம், பிளாஸ்திரி ஒட்டிட்டு வேலையைப் பார்க்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் வாஷர் தண்ணி குத்திடுச்சுன்னு சொல்லுங்க. செருப்போட நின்னு அடிக்காதீங்க, கம்பூட் போடுங்க, கண்ணாடி போடுங்க, குழந்தைங்க கையில கன்னைக் கொடுக்காதீங்க. மாட்டை இதுல குளிப்பாட்டற எண்ணமே வேண்டாம், கொட்டகை கழுவறப்பகூட மாட்டை வெளிய கட்டிட்டுக் கழுவுங்க, சாணியில இருக்கற கிருமி எல்லாம் புகை மாதிரி காத்துல கிளம்பும், நீங்களும் மாஸ்க் போட்டுக்கோங்க. மருந்து அடிக்கணும்னா முதல்ல கழுவி, காய விட்டு, அப்புறம் வேற ஸ்ப்ரேயர்ல அடிங்க, சாணி இருக்கற தரையில கிருமிநாசினி சரியா வேலை செய்யாது, பிளீச்சிங், ஆசிட் எல்லாம் பிரஷர் வாஷர் பம்ப் வழியா விட்டா சீல் வெந்துடும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல இதை அடிக்கவே கூடாது, அதுல இருந்து கிளம்பற நார் நுரையீரலுக்கு விஷம். டிராக்டர்ல ரேடியேட்டர் தகடு கிட்ட வச்சு அடிச்சா மடங்கிடும், தள்ளி நின்னு நேரா அடிங்க. டயரோட பக்கவாட்டுல ஒரே இடத்துல கிட்டத்துல அடிச்சா வெளிய தெரியாம உள்ள நைலான் அறுந்து போகும். பேரிங், ஒயரிங் கனெக்டர், பேட்டரி பக்கம் போகாதீங்க, கழுவி முடிச்சதும் கிரீஸ் நிப்பிள் எல்லாத்துக்கும் புதுசா கிரீஸ் அடிங்க, தண்ணி பழைய கிரீஸைத் தள்ளிட்டு உள்ள உக்காந்திருக்கும். பூச்சி மருந்து டேங்க் கழுவற தண்ணி கிணத்துப் பக்கம் ஓடாம பார்த்துக்கோங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மோட்டாரைப் போடாம கன்னை அழுத்திப் பிடிங்க, குமிழி எல்லாம் போய் தண்ணி ஒரே சீரா வர ஆரம்பிச்ச பிறகு சுவிட்சைப் போடுங்க. முடிச்சதும் மெஷினை ஆஃப் பண்ணி, பைப்பை மூடி, கன்னை ஒரு தடவை அழுத்தி உள்ள நிக்கற பிரஷரை விட்டுட்டு, அப்புறம் கன்னை லாக் பண்ணி ஹோஸைக் கழட்டுங்க. இந்தக் கடைசி அழுத்தலை விட்டுட்டீங்கன்னா சீல் ராத்திரி பூரா பிரஷரோடவே உக்காந்திருக்கும், மறுநாள் கனெக்டரைத் திருகறப்ப முகத்துல அடிக்கும்.